உறுமியும் டப்ஸ்டெப்பும்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஓர் ஒப்பீடு

முன்னுரை

தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களைத் தொகுத்துரைக்குமிடத்துத் தெய்வம், உணா, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் எண்ணுகிறார். உரையாசிரியர்களும் பின்வந்த அகப்பொருள் இலக்கண நூலாரும் குறிஞ்சி நிலத்துக்குத் தொண்டகப்பறையை உரியதாக்குவர். ஒரு நிலத்தை அறிய வேண்டுமாயின் அந்நிலத்தில் எழும் தோற்கருவியின் ஒலியையும் அறிதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

பகாங் மாநிலத்தின் கேமரன் மலை நமக்கு வாய்த்த குறிஞ்சி நிலமாகும். 1885ஆம் ஆண்டு இப்பகுதியை ஆய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும், 1933இல் தொடங்கப்பெற்ற பாரத் தேயிலைத் தோட்டமும் இம்மலைச்சரிவுகளைப் பசுமையாக்கின. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை அமைந்த அக்காலத்தில் காட்டைத் திருத்தியவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் தமிழர் பெருந்தொகையினராக இருந்தனர். அவர்களோடு தப்பும் பம்பையும் உறுமியும் மலையேறின.

இக்கட்டுரை அவ்வுறுமியின் ஒலியை இக்கால மின்னணு நடன இசையோடு ஒப்பிட முயல்கிறது. இலண்டனில் பிறந்த டப்ஸ்டெப் என்னும் இசைவகையும், தமிழர் பங்கேற்று வெளியிட்ட சில இசைப்பதிவுகளும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இந்தியவியல் துறையின் ஆய்விதழில் இதற்கு என்ன இடம் என்னும் வினா எழலாம். தோட்டத்து இளைஞர் இன்று திருவிழாவில் உறுமி கேட்கின்றனர். அன்றிரவே கைப்பேசியில் மின்னணு இசையும் கேட்கின்றனர். இரண்டையும் ஒரே செவி கேட்கிறது. அச்செவியை விட்டுவிட்டுத் தோட்டத் தமிழரின் பண்பாட்டை நாம் எழுதிவிட இயலாது.

1. டப்ஸ்டெப்: தோற்றமும் இயல்பும்

டப்ஸ்டெப்பின் வேர் ஜமைக்காவில் உள்ளது. 1950களில் கிங்ஸ்டன் நகரத் தெருக்களில் பேரொலிப் பெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் வழக்கம் வளர்ந்தது. 1970களில் கிங் டப்பி போன்ற ஒலிப்பொறியாளர்கள், பதிவு செய்யப்பட்ட பாடலிலிருந்து குரலை நீக்கி, முரசையும் அடித்தாள ஒலியையும் முன்னிறுத்தி, எதிரொலி சேர்த்துப் புதிய வடிவம் தந்தனர். அதுவே டப் எனப்பட்டது. 1948 முதல் பிரித்தானியாவுக்குப் பெயர்ந்த கரீபியத் தொழிலாளர்களோடு இந்த ஒலிப்பண்பாடு இலண்டனை அடைந்தது.

2000களின் தொடக்கத்தில் தென்இலண்டனின் குரோய்டன் பகுதி இளைஞர்கள் கராஜ் என்னும் நடன இசையை டப்பின் ஆழ்ந்த ஒலியோடு இணைத்தனர். அங்கிருந்த பிக் ஆப்பிள் என்னும் இசைத்தட்டுக் கடை அவர்கள் கூடுமிடமாயிற்று. 2005இல் பிரிக்ஸ்டனில் டிஎம்இசட் இரவுகள் தொடங்கின. 2006 சனவரியில் பிபிசி வானொலியில் மேரி ஆன் ஹாப்ஸ் வழங்கிய சிறப்பு நிகழ்ச்சி இவ்விசையை உலகறியச் செய்தது. ஸ்கிரீம், பெங்கா, டிஜிட்டல் மிஸ்டிக்ஸ், பரியல் ஆகியோர் இதன் முன்னோடிகளுள் குறிப்பிடத்தக்கவர்.

இவ்விசையின் இயல்புகளுள் இரண்டு நம் ஒப்பீட்டுக்கு இன்றியமையாதவை.

முதலாவது, காலப்பிரமாணம். டப்ஸ்டெப் நிமிடத்திற்கு ஏறத்தாழ 140 அடிகள் கொண்டது. ஆயினும் வன்மையான அடி நான்கில் மூன்றாம் எண்ணிக்கையில் மட்டுமே விழுவதால் உடல் அதனை 70 அடிகளாக உணர்கிறது. மேலே சிறுதாளங்கள் விரைந்தோட, கீழே அடியொலி மெல்ல நடக்கும். நம் இசை மரபின் சொல்லால் கூறுவதாயின், முதற்காலமும் இரண்டாம் காலமும் ஒருங்கே நிகழ்கின்றன எனலாம்.

இரண்டாவது, தாழ்ஒலி. மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்சில் தொடங்குகிறது. டப்ஸ்டெப்பின் அடியொலி பெரும்பாலும் 30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இயங்குகிறது. இது செவிக்கு ஒலியாக எட்டுவதற்கு முன்னர் நெஞ்சிலும் வயிற்றிலும் அதிர்வாக எட்டும். இவ்வடியொலியை அசைத்து நெளிய வைப்பதும் உண்டு. ஒலியின் உயர்பகுதிகளை மறைக்கும் வடிப்பான் ஒன்றை, மெதுவாக ஏறியிறங்கும் மற்றோர் அலை திறந்தும் மூடியும் இயக்கும். அவ்வாறு இயக்கும்போது ஒலி உறுமுவது போலவும் முனகுவது போலவும் கேட்கிறது.

2. உறுமி: கருவியும் ஒலியும்

உறுமுதல் என்னும் வினையே ஈண்டு நம்மை அடுத்த பகுதிக்கு அழைத்துச் செல்கிறது. உறுமி, இடை சிறுத்த மரக்கட்டையின் இரு முகங்களிலும் தோல் போர்த்திய கருவி. ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பர். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பர். தேய்க்கும்போது குச்சி தோலைப் பற்றுகிறது, பின் நழுவுகிறது, மீண்டும் பற்றுகிறது. வில் தந்தியைப் பற்றி நழுவுவதால் வயலின் ஒலிப்பதும் இதே முறையில்தான். கையின் அழுத்தம் கூடக்குறைய ஒலியின் உயரம் வழுக்கிச் செல்கிறது. பிற தோற்கருவிகள் அடித்தவுடன் ஒலித்து அடங்குவன. உறுமியோ ஒலியை நீட்டி வளைக்கவல்லது.

சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார் ஏறத்தாழ முப்பது தோற்கருவிகளைப் பெயர் சுட்டி வகைப்படுத்துகிறார். உறுமி என்னும் பெயர் அப்பட்டியலில் இல்லை. ஊர்ப்புறத்துக் கோயிலிலும் இறப்பு வீட்டிலும் வாழ்ந்த கருவிகள் பல ஏட்டில் ஏறவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகலாம். கருவி ஏட்டில் ஏறாதபோது அதனை இசைத்தவர் பெயர் ஏறாமை வியப்பன்று.

மலேசியாவில் உறுமி மேளம் தனிவளர்ச்சி பெற்றுள்ளது. தோட்டத்து மாரியம்மன், முனீசுவரர் திருவிழாக்களிலும் தைப்பூசக் காவடிகளிலும் இளைஞர் குழுக்கள் சீருடையணிந்து வாசிக்கின்றன. அக்குழுக்கள் பாடலும் சேர்த்து இசைத்தட்டுகள் வெளியிட்டதும் உண்டு. சாமிக்கு அடிக்கும் அடி வேறு, சாவுக்கு அடிக்கும் அடி வேறு என்னும் வரையறை மூத்தோரிடம் இன்றும் உறுதியாக உள்ளது. அருள் வந்து ஆடுபவரின் உடலை அடியின் வேகத்தால் ஏற்றவும் இறக்கவும் மேளக்காரருக்குத் தெரியும். கூட்டத்தின் உடல்நிலையை நோக்கி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இத்திறம், இலண்டன் இரவரங்கில் இசைத்தட்டை இயக்குபவரின் திறத்தோடு ஒப்பிடத்தக்கது.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடும் சுட்டத்தக்கது. டப்ஸ்டெப்பின் நெளிவு, கருவியில் ஒருமுறை அமைத்துவிட்டால் பிழையின்றித் திரும்பத் திரும்ப வரும். உறுமியின் நெளிவு கையின் சோர்வுக்கும் தோலின் ஈரத்திற்கும் ஏற்ப மாறும். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவின் மழைமூட்டத்தில் தோல் தளர்ந்துவிடும் என்பதால், மேளக்காரர் தீமூட்டித் தோலைக் காய்ச்சிய பின்னரே வாசிக்கத் தொடங்குவதை நாம் கண்டிருக்கிறோம். நிலம் கருவியின் ஒலியில் நேரடியாகக் கலக்கிறது.

3. நான்கு வெளியீடுகள்

மேற்குறித்த இயல்புகளைக் கருத்திற்கொண்டு நான்கு வெளியீடுகளை நோக்குவோம்.

3.1 வல்லவன் (2006)

1990களில் எழுந்த போயடிக் அமோ குழுவின் வழியாக மலேசியத் தமிழிளைஞர் ராப் இசையில் தமக்கென ஓரிடம் பெற்றனர். அக்குழுவைச் சேர்ந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் நட்சத்ரா என்னும் பெயரில் 2006இல் வெளியிட்ட வல்லவன், தமிழ்ச் சொல்லிசை வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராசா இசையமைத்த பாடலொன்றை மீட்டெடுத்து அமைத்த 'மடை திறந்து' தமிழகத்திலும் பரவியது. 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி பாடினார். மலேசியாவிலிருந்து தமிழ்நாட்டை நோக்கி இசை சென்றது என்பதே இதன் சிறப்பு. ஆயினும் இதில் முதன்மை பெறுவது சொல்லே. தோட்டத்து மக்களின் பேச்சு ஓசை ஒலிக்கிறதே அன்றித் தோட்டத்துத் தோற்கருவி முன்னிற்கவில்லை. மீட்டெடுக்கப்பட்டதும் திரையிசையே.

3.2 கலா (2007)

எம்.ஐ.ஏ. என அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இளமையைக் கழித்து, 1986இல் இலண்டன் திரும்பியவர். தந்தையின் பெயரால் 'அருளர்' (2005) என்னும் தொகுப்பையும், தாயின் பெயரால் 'கலா' (2007) என்னும் தொகுப்பையும் வெளியிட்டார். அமெரிக்க நுழைவிசைவு கிடைப்பதில் எழுந்த சிக்கலால் 'கலா'வின் பதிவுப்பணி இந்தியா, திரினிடாட், லைபீரியா எனப் பல நாடுகளுக்குச் சென்றது. சென்னையில் உறுமி உள்ளிட்ட தோற்கருவிகள் பதிவு செய்யப்பட்டன. 'பர்ட் புளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்களில் அவ்வொலி முதுகெலும்பாக நிற்கிறது. 'பாம்பூ பாங்கா'வில் 'தளபதி' (1991) படப்பாடலின் பகுதியொன்று எடுத்தாளப்பட்டுள்ளது.

'கலா' டப்ஸ்டெப் அன்று. எனினும் இலண்டன் அடிநிலை நடன இசையின் காதால் உறுமியைக் கேட்ட முதற்பெரும் முயற்சி அது எனக் கருத இடமுண்டு. திரையிசையில் உறுமி பெரும்பாலும் பாடலுக்குத் துணையாக வரும். இங்கோ பாடல் மேளத்தின்மேல் ஏறி நிற்கிறது. அடிகள் சமன்படுத்தி மென்மையாக்கப்படவில்லை. கூட்டமாக அடிக்கும்போது எழும் சிறு பிசகுகள் அப்படியே விடப்பட்டுள்ளன. ஓர் உறுமிமேளத்தின் நடுவில் நின்று கேட்டவர் அவ்வொலியை உடனே இனங்காண்பர்.

3.3 அன்ட்ரூ (2007)

அதே ஆண்டில் ஹைப்பர்டப் நிறுவனம் வெளியிட்ட பரியலின் 'அன்ட்ரூ', டப்ஸ்டெப்பின் தலைசிறந்த தொகுப்புகளுள் ஒன்றாகப் போற்றப்படுவது. இதனை இயற்றியவர் 2008 வரை தம் பெயரை வெளியிடவில்லை. தாளங்களைக் கட்டத்துள் அடுக்கும் வழக்கமான மென்பொருளைத் தவிர்த்து, எளிய ஒலித்திருத்த மென்பொருளில் அலையின் வடிவத்தைக் கண்ணால் பார்த்தே அடிகளை அமைத்ததாக அவர் கூறியுள்ளார். அதனால் அடிகள் இம்மியளவு முன்பின்னாக விழுகின்றன. மழையொலியும் இசைத்தட்டின் கீறலொலியும் பின்னணியாகின்றன. துண்டுதுண்டான குரல்கள் தொலைவிலிருந்து வருவன போலக் கேட்கின்றன. முடிந்துபோன நடன இரவுகளுக்கான இரங்கல் அது.

இரங்கல் என்னும் நோக்கில் இத்தொகுப்பு நமக்கு நெருங்கியது. கேமரன் மலையில் இன்று கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். கைப்பறிப்பின் இடத்தை இருவர் பிடித்துச் செல்லும் அறுவைப் பொறி பெரிதும் எடுத்துக்கொண்டுள்ளது. தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். திருவிழாவுக்கு மட்டும் திரும்புகின்றனர். ஆண்டின் பிற நாட்களில் அம்மேளவொலி நினைவாக மட்டுமே இருக்கிறது. 'கலா' திருவிழாவின் ஒலி. 'அன்ட்ரூ' திருவிழா கலைந்த பின்னைய மலையின் ஒலி. ஒரே நகரம், ஒரே ஆண்டில் இரண்டையும் தந்தது.

3.4 என்ஜாய் எஞ்சாமி (2021)

2021 மார்ச்சில் தீ, அறிவு ஆகியோர் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' தேயிலைத் தோட்டத்தோடு நேரடித் தொடர்புடையது. அறிவின் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி உடன்பாட்டின் விளைவாக மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட வரலாற்றில் அக்குடும்பமும் அடங்கும். பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளும் ஒப்பாரி மரபும் அப்பாடலுக்குள் வந்தன. பல கோடி முறை பார்க்கப்பெற்ற அப்பாடலுக்குப் பிரான்சு நாட்டு மின்னணு இசைக்கலைஞர் டிஜே ஸ்னேக் அதே ஆண்டில் மறுகலவை செய்தார்.

மறுகலவையின் இயல்பை ஈண்டு விளக்குதல் தகும். பெருவெளி நடன இசையில் பதற்றத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பின் முழு அடியொலியையும் ஒருங்கே வீழ்த்துவர். அவ்வீழ்ச்சியே பாடலின் உச்சம். அதற்குச் சொல் இடையூறு. ஒரு கொக்கிபோன்ற தொடர் இருந்தால் போதும். இதனால் கதை சொல்லும் பாடல் மறுகலவையில் கதையை இழக்க நேர்கிறது. நிலமிழந்தோரின் வரலாறு நடனத்திற்கான ஓர் அழைப்பொலியாகச் சுருங்கும் இடர் இதில் உள்ளது. அதேவேளை, அவ்வழைப்பொலி இல்லையேல் வேற்றுமொழிச் செவி அப்பாடலை அடைந்திருக்குமா என்பதும் எண்ணத்தக்கது.

4. பெயரும் உரிமையும்

2021 ஆகத்தில் ஓர் இசையிதழின் இந்தியப் பதிப்பு, இப்பாடலைக் குறிப்பிட்டு வெளியிட்ட அட்டைப்படத்தில் அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் இதனை வெளிப்படையாகக் கண்டித்தனர். பின்னர் அறிவின் படத்தோடு மின்வடிவ அட்டையொன்று வெளியாயிற்று. 2024இல் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தமக்கும் உடன்பாடியோர்க்கும் வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என அறிவித்தார். உலகம் முழுதும் கேட்ட பாடலுக்கே, பெயர் அறியப்பட்ட கலைஞர்க்கே, நிலை இதுவாயின் பெயர் அறியப்படாத மேளக்காரர் நிலை யாது என்னும் வினா எழுகிறது.

பதிப்புரிமைச் சட்டம் பாடலை யாத்தவரையும் பதிவு செய்தவரையும் முதன்மையாகக் காண்பது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் அடிக்கு யாத்தவர் என ஒருவரைக் காட்ட இயலாது. ஜமைக்கா டப் மரபும் இதே இடரைச் சந்தித்தது. ஒரே தாளக்கட்டின்மேல் பலர் பாடல் அமைத்தனர். அதனை வாசித்த முரசுக் கலைஞர் பலருக்கு அன்றாடக் கூலியே கிடைத்தது. கரும்புத் தோட்டத்து வழியினரும் தேயிலைத் தோட்டத்து வழியினரும் இவ்வகையில் ஒத்த வரலாறு உடையவர். இரு சாராரும் தம் ஆழ்ந்த ஒலியை உலக நடன அரங்குக்குத் தந்தனர். தந்தவர் பெயர் பெரும்பாலும் நிலைக்கவில்லை.

நம்மிடையே இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தோற்கருவி இசைத்தோரைச் சாதியால் தாழ்த்திய வழக்கம் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. தப்படிப்பவர் என்று மட்டும் சுட்டப்பட்டவர்க்குப் பெயர் வேண்டுமென எவரும் எண்ணவில்லை. இன்றைய இளைஞர் உறுமியைப் பெருமையோடு தோளில் ஏந்துவது அவ்விழிவைத் துடைக்கும் செயல் என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

இப்பகுதியை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கேமரன் மலைத் தோட்டமொன்றின் திருவிழாவில் ஒலிப்பதிவுக் கருவியோடு நாம் சென்றிருந்தோம். முதிய உறுமிக்காரர் ஒருவர் அரைமணி நேரம் வாசித்துக் காட்டினார். பதிவு முடிந்ததும் அவர் கேட்டார்: "ஐயா, இதக் கொண்டுபோய் வச்சிக்கிறீங்க. பின்னால கேக்கிறவங்களுக்கு இத அடிச்சது யாருன்னு தெரியுமா?" தெரியும் என்று விடை கூறினோம். கீழே இறங்கிவந்து, முன்னைய களப்பணிகளின் நம் பதிவுகளை எடுத்து நோக்கினோம். உறைகளின்மேல் 'உறுமி, கேமரன் மலை' என்றும் நாளும் எழுதப்பட்டிருந்தன. பெயர் ஒன்றிலும் இல்லை. இசை வணிகத்தைக் குறைகூறும் நாமே அதனைச் செய்திருந்தோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. ஒலியை நீட்டி வளைக்கும் உறுமியும், மின்னணு வழியில் நெளியும் டப்ஸ்டெப் அடியொலியும் உடலை நோக்கி இயங்குவன. எனவே ஒன்றன் செவியால் மற்றொன்றைக் கேட்க இயலும். 'வல்லவன்' சொல்லையும், 'கலா' மேளத்தையும், 'அன்ட்ரூ' இழப்பையும், 'என்ஜாய் எஞ்சாமி' தோட்டத்தின் நினைவையும் முன்னிறுத்துகின்றன. இந்நான்கும் ஒருங்கே அமைந்த வெளியீடொன்று மலேசியத் தோட்டத்து இளைஞரிடமிருந்து வரத்தக்கது. அதற்கு வேண்டிய கணினியும் மென்பொருளும் இன்று எளிதில் கிடைக்கின்றன. கிடைத்தற்கரியது அம்மூத்தோரின் கையடி. அது பதிவின்றி மறைந்து வருகிறது.

ஆதலின் துறைசார்ந்தோர் முன் ஒரு பணியை வைக்க விழைகிறோம். களத்தில் பதிவு செய்யப்பெறும் ஒவ்வோர் ஒலிக்கும் வாசித்தவர் பெயர், அவர் கற்ற ஆசான் பெயர், கருவி செய்தவர் பெயர், தோட்டம், வாசித்த நிகழ்வு ஆகிய ஐந்தும் அவர்தம் இசைவோடு பதியப்பெறல் வேண்டும். சிறிய கைப்பேசி ஒலிபெருக்கி தாழ்ஒலியைத் தராது. ஆதலால் தாழ்ஒலியைப் பற்றவல்ல கருவியால் பதிதலும் வேண்டும். பதிவின் படியொன்று வாசித்தவர் குடும்பத்திற்குச் சேர வேண்டும். பிறர் அவ்வொலியைத் தம் இசையில் எடுத்தாள விரும்பின் யாரைக் கேட்பது என்பது அப்போது தெளிவாகும்.

நம் பழைய உறைகளில் பெயர் எழுதும் பணியைத் தொடங்கியுள்ளோம். சிலர் மறைந்துவிட்டனர், அவர்தம் பெயரைப் பிள்ளைகளிடம் கேட்டறிந்தோம். அரைமணி நேரம் வாசித்துக் காட்டிய அம்முதியவரிடம் மீண்டும் சென்று பெயரைக் கேட்டு, அவர் கண்முன்னரே உறையில் எழுதினோம். எழுத்துக்கூட்டிப் பார்த்த அவர், தம் தந்தையின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார். அடி அவரிடமிருந்து கற்றதாம்.